தீர்மானம் பதினான்கு

கிரீனக் நூலக மாடியில் புதன்கிழமைக் கூட்டம்.
மருத்துவமனைக்காரர் ஒரு மேசை, நகரசபை ஒரு மேசை,
நடுவில் தட்டு நிறைய பிஸ்கட்.
திரையில் அம்புக்குறிகள்
ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன.

"நல்வாழ்வு என்றால் உங்களுக்கு என்ன?"
என்றார் தலைவர். மஞ்சள் தாள் ஒன்று கொடுத்தார்கள்.
நான் வீடுவீடாகப் போகும் பராமரிப்புப் பணியாள்;
வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்.
வீங்கிய காலுக்குச் சாக்ஸ் மாட்டவே எட்டு போய்விடும்.
அதை எழுதினேன். அடித்தேன்.

கடைசி வரிசையில் இஷ்பெல் மக்ரோரி
ஊன்றுகோலால் தரையைத் தட்டினார்:
"பஸ் நிற்கிற இடத்திலிருந்து கிளினிக் வரை ஏற்றம்.
பாதியில் மூச்சு வாங்குது.
அங்கே ஒரு பெஞ்சு போடுங்க."

அது சாலைத் துறை பொறுப்பாம்.
சாலைத் துறையிலிருந்து யாரும் வரவில்லை.
நான் கை தூக்கினேன்:
"கைப்பிடி வைத்த பெஞ்சு.
உட்கார்ந்தால் எழுந்திருக்கவும் வேண்டுமே."

தீர்மானம் பதினான்கு என்று பதிவாயிற்று.
திட்டம் மூன்று வருடத்துக்கு.
அவருக்கு எண்பத்தொன்று.

இன்று மழை. அதே ஏற்றம்.
என் தோளில் அவர் எடை.
அடுத்த வீட்டுக்கு ஏற்கெனவே தாமதம்.
கோலால் ஈரத்தில் ஒரு கோடு போட்டு
"இவ்வளவு நீளம்" என்கிறார்.
பெஞ்சு வரப்போகிற இடத்தில்
நின்றே இளைப்பாறுகிறோம்.