ஆறு மில்லிமீட்டர்

போஸ்னானில் நாலு மணிக்கே இருட்டு.
சமையல் மேசைமேல் பொக்னா
தையல் நாடாவை விரிக்கிறாள்.

பிராசஸருக்குப் போனது ஒரு மாதச் சம்பளம்.
மதர்போர்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.
பவர் சப்ளையில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது என்றான்
டிராம் ஓட்டும் ஜெமோவித்,
மின்சாரத்தையே பெற்று வளர்த்தவன் மாதிரி.
மூடிய கதவுக்குள் எரியப்போகும் நீல விளக்கு?
அதற்கும் சரி.

கிராபிக்ஸ் கார்டு
முந்நூற்று முப்பத்தாறு.
பெட்டிக்குள் இடம்
முந்நூற்று முப்பது.

யானை நுழைந்துவிட்டது,
வால்தான் வெளியே.

திருப்பிக் கொடுத்துவிடு என்கிறான்.
அவள் முன்விசிறியின் திருகுகளைக் கழற்றி
காலிக் கோப்பையில் போடுகிறாள்.
டிங்.
டிங்.
டிங்.
நாலாவது உருண்டு
ஃப்ரிட்ஜுக்கு அடியில் போயிற்று.

கார்டு 'டக்'கென்று உட்கார்ந்தது.

கழற்றிய விசிறியை அவன் முகத்துக்கு நேரே பிடித்து
விரலால் ஒரு சுற்று
சுற்றிவிடுகிறாள்.