சாம்பல் நிறப் பொத்தான்

திபிலீசி, ரயில்நிலையச் சதுக்கத்துக்கு அடியில்
சுரங்கப்பாதையில் ஏழாவது கடை என்னுடையது.
கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு விளக்கு,
முழங்காலில் முட்டுகிற ஹீட்டர்.
இடப்பக்கம் காலுறை விற்கும் லமாரா.
வலப்பக்கம் யாருமில்லை, சுவர் ஒழுகுகிறது.

பத்ரி முதலில் வந்தது பிப்ரவரியில்.
கோட்டுக் கையெல்லாம் மாவு.
கிணறுபோல் ஆழமான மண் அடுப்புக்குள்
இடுப்புவரை கவிழ்ந்து ரொட்டி ஒட்டுகிறவன்.
போனை முகம் கீழாக வைத்தான்,
சீட்டை மறைத்து வைப்பதுபோல்.
"இதை எடுத்துவிடு."
எதை என்று சொல்லவில்லை.

திருப்பினேன். திரை தானாக விழித்தது:
மூன்று எலுமிச்சை, ஒரு தங்க மணி,
பத்ரி, உன் இலவசச் சுற்று காத்திருக்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது.
அப்படிக் கூப்பிட வீட்டில் இப்போது ஆளில்லை
என்று பிறகொரு நாள் சொன்னான்.
சூதாட்டத்தை விட்டுப் பதினாலு மாதமாம்.
முதலில் போனது அவன் கார்,
அப்புறம் தம்பியின் கார்.

திறக்க விரல் வைத்தான். அதிர்ந்து மறுத்தது.
கோட்டில் துடைத்துவிட்டு வைத்தான். மறுத்தது.
இருபது வருட நெருப்பு அவன் விரல்நுனிகளை
வழவழவென்று ஆக்கியிருந்தது.
காசு கொடுத்து வாங்கியவனைப்
பூட்டுக்கு அடையாளம் தெரியவில்லை.
எலுமிச்சைக்காரனுக்கோ
விரலும் வேண்டாம், எண்ணும் வேண்டாம்.
வாசலிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கிறான்.

உள்ளே போனோம்.
இரண்டு கால்குலேட்டர், யாரும் கேட்காத ராசிபலன்,
எந்த ஊருக்கென்று தெரியாத வானிலை,
அதற்கும் அடியில் அது.
நிறுத்து என்றால் நிற்கும், ஒரு தேநீர் நேரம்.
நீக்கு இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான்.
அழுத்தலாம்.
தண்ணீர் வராத குழாயைத் திருகுவதுபோல.

"நான் வைக்கவில்லை" என்றான்,
போலீஸிடம் சொல்கிற குரலில்.
தெரியும் என்றேன்.
பெட்டியைப் பிரிக்கும் முன்பே குடியேறியவர்கள் இவர்கள்.
முழு விலையும் கொடுத்து
வாடகைக்கு வந்தவர்கள்தான் நாம்.

பழைய பொத்தான் போன் ஒன்று வாங்கிக்கொள்ளேன்?
மாவுக்காரனுக்குப் பணம் இதில்தான் போகிறது.
மகள் போலந்திலிருந்து இதில்தான் முகம் காட்டுகிறாள்.
சரி.

கேபிளைச் செருகினேன்.
மடிக்கணினியின் கறுப்புச் சன்னலில்
ஒவ்வொரு பெயராகத் தட்டினேன்.
புள்ளி புள்ளியாக நீளும் பெயர்கள்,
குலம் கோத்திரம் எல்லாம் சேர்த்து.
ராசிபலன் போனது. இரண்டாம் கால்குலேட்டர் போனது.
எலுமிச்சைக்காரன் மூன்று தரம் அடம்பிடித்துவிட்டுப் போனான்.
பூட்டுத் திரை வெறும் கறுப்பானது.
அதில் மணி, அதன் கீழே
கொஞ்சம் வளைந்து பத்ரியின் முகம்.

மறைக்காமல் சொன்னேன்:
அடுத்த அப்டேட்டில் திரும்பி வரும்.
தலையாட்டினான்,
அந்த விஷயம் என்னைவிடத் தனக்கு
நன்றாகத் தெரியும் என்பதுபோல.
ஐந்து லாரி கேட்டேன்.
ஐந்தும் ஒரு ரொட்டியும் வைத்தான்.

மார்ச்சில் வந்தான். ஏப்ரலில் இரண்டு தரம்.
முடிவெட்டிக்கொள்ள வருகிறவன்போல
ஸ்டூலைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வான்.
லமாரா காலுறை விற்றுப் பார்த்தாள்;
அடுப்படியில் எதற்குக் காலுறை என்றான்.

நேற்றும் வந்தான்.
இந்த மாதம் அப்டேட் எதுவும் வரவில்லை.
திரை கறுப்பாகத்தான் இருந்தது.
"இருந்தாலும் ஒரு தரம் பார்."

செருகினேன்.
பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டினேன்,
இல்லை, இல்லை, இதிலும் இல்லை என்று
அவனுக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.
அவன் ரொட்டியைப் பிட்டு
சூடு மிச்சமிருந்த பாதியை
என் பக்கம் தள்ளினான்.