முழங்கால்களுக்கு இடையே

ஆட்டத்தில் என் இடத்துக்குத் தமிழில் பெயர் இல்லை.
ஆங்கிலப் பெயரையும் யாரும் இரண்டாம் முறை சொல்வதில்லை.
குனிந்து,
கால்களுக்கு நடுவே தலைகீழாகத் தெரியும் ஒருவனுக்குப்
பந்தைப் பின்னால் எறிபவன்.
சரியாக எறிந்தால் நீ அங்கே இல்லை.
தவறினால் ஒலிபெருக்கியில் உன் பெயர்,
அதுவும் தப்பான உச்சரிப்பில்.

ஒஹாயோவில் ஒரு சின்னக் கல்லூரி.
தேசிய சேவை முடித்து இருபத்தொரு வயதில் போனேன்.
உபகாரச் சம்பளம் கிடையாது, தலைக்கவசம் மட்டும் இலவசம்.
ஈசூனில் ஐந்தறை வீடு மூவறை ஆனது.
பயிற்சியாளருக்கு நான் செரில்.
சேரலாதன் என்று எழுதிக் காட்டினேன்.
"சரி, செரில்" என்றார்.

ஏழு கஜம். அரை நொடிகூட இல்லை.
அதற்குள் பந்து எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் என் படிப்பு.
ஏந்துபவன் அதை நிறுத்தும்போது
தையல் கம்பங்களைப் பார்த்திருக்க வேண்டும்,
உதைப்பவனைப் பார்த்தால் பந்து கோணிப் போகும்.
உதைப்பவன் கோல்பி ரென்.
சோளக்காட்டுக்காரன், பேச்சுக் குறைவு,
பேருந்தில் என் தோளில் தூங்குவான்.

மூன்றாம் ஆண்டில் வெள்ளி தீர்ந்தது. நான் திரும்பினேன்.
கோல்பி சம்பளத்துக்கு உதைக்கிற உலகத்துக்குப் போனான்.
ஐந்து ஆண்டில் நான்கு நகரம்.
அங்கே வேலை போவதற்கு வெட்டு என்று பெயர்.
செவ்வாய்க்கிழமை வெட்டுவார்கள்,
வியாழக்கிழமை வேறு ஊரில், வேறு நிறச் சட்டையில்,
காற்று எந்தப் பக்கம் என்று புல்லைக் கிள்ளி எறிந்து பார்ப்பான்.
பெட்டியைப் பிரிப்பதையே விட்டுவிட்டேன் என்று ஒருமுறை எழுதினான்.

நான் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில்
பாரந்தூக்கி ஓட்டுகிறேன்.
உயரத்தில் ஒரு கூண்டு, தரை கண்ணாடி.
வேலை நேரம் முழுக்கக் குனிந்து
முழங்கால்களுக்கு இடையே பார்க்க வேண்டும்.
நேர்முகத்தில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள்.
இல்லை என்று சொல்லிவிட்டேன்.

திங்கள் காலை, இரவுப்பணி முடிந்து கோப்பிக்கடை.
அவர்களுடைய ஞாயிறு இரவு என் கைப்பேசியில்.
நான்கு வினாடி மிச்சம், நாற்பத்தொரு கஜம்.
கோல்பி உதைத்தான்.
பந்து இடது கம்பத்தில் மோதித் திரும்பி விழுந்தது.
வர்ணனையாளர் அவன் பெயரை ஒன்பது முறை சொன்னார்.
"ரக்பியாண்ணே? தோத்துட்டாங்களா?"
பிராட்டா வீசிக்கொண்டே மொகிதீன்.

பின்னோக்கி ஓட்டினேன். மறுபடியும்.
கோப்பி ஆறி மேலே ஆடை கட்டியது.
அரைச் சுற்று குறைவு.
தையல் கோல்பியின் காலைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.
எறிந்த பையனின் பெயரை யாரும் சொல்லவில்லை.

ஒரே ஒரு சொல் அனுப்பினேன்: தையல்.

செவ்வாய் நள்ளிரவு, இடைவேளை அறை.
வெட்டிவிட்டார்கள் என்ற செய்தியும்
அவன் பதிலும் சேர்ந்தே வந்தன.
"தெரியும். பையனுக்கு இருபத்திரண்டு வயசு,
இப்பத்தான் வாடகைக்கு வீடு எடுத்திருக்கான்.
யார்கிட்டயும் சொல்லாதே."
அதற்குக் கீழே,
"உன்னோடதையும்தான் சொன்னதில்லையே."

இரண்டாம் ஆண்டு. மழை. சொந்த மைதானம்.
கோல்பியை நோக்கிக் காகிதக் கோப்பைகள் பறந்த இரவு.
என் விரல் வழுக்கியது என் விரலுக்கு மட்டுமே தெரியும் என்று
இத்தனை வருடம் நம்பியிருந்தேன்.
அன்றும் பேருந்தில் என் தோளில்தான் தூங்கினான்.

ஏதோ எழுதினேன், அழித்தேன்.
மணி அடித்தது. மேலே ஏறினேன்.
நாற்பதடிப் பெட்டி ஒன்று
கம்பிகளில் மெல்லச் சுழன்றபடி இறங்கியது.
கீழே லாரிக்காரர்
அண்ணாந்துகூடப் பார்க்காமல் காத்திருந்தார்.
சுழல் அடங்கும்வரை பிடித்திருந்தேன்.