சுவர்த்தாளுக்கு அடியில் ஒரு செவ்வாய்க்கிழமை

நானும் தைஸ்தோவும் சுவரை உரித்தோம்.
மேலே பழுப்புக் கோடு.
அடுத்து, யாரும் ஆசைப்பட்டு வாங்கியிருக்க முடியாத
பச்சைப் பூ.
அதற்கும் கீழே
1936 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை.

ஹாபபுரோவின் ஒரே நாளேடு.
மரப்பலகையில் பனிக்காற்றை அடைக்க
நான்கு பக்கத்தையும் தலைகீழாக ஒட்டியிருந்தார்கள்.
"ஒட்டியவனுக்கு வாசிக்கத் தெரியாது" என்றான் தைஸ்தோ.
தெரிந்ததால்தான் என்றேன் நான்.
நேராக ஒட்டியிருந்தால்
அவன் வேலை இன்னும் முடிந்திருக்காது.

ஏணியில் மல்லாந்து
கழுத்தைத் தொங்கவிட்டு வாசித்தோம்.
எங்களுக்கு மணிக்கணக்கில் கூலி.
இதை வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

ஏரிப் பனியில் குதிரை நின்றது.

கொட்டை எழுத்து. நான்கு பத்தி.
ஏன் நின்றதென்று
நிருபர் மூன்று பேரைக் கேட்டிருக்கிறார்.
பனி மெலிசு என்கிறார் மீனவர்.
குதிரைக்கு வயசு என்கிறார் போதகர்.
மூன்றாமவர் குதிரைக்காரர்:
"எனக்கும் தெரியவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டேன்."

அதற்கு அடியில் சுண்டைக்காய் அளவு இடத்தில்
ஐரோப்பாவில் நிலைமை கவலைக்கிடம்.
பாவம்,
குதிரையைத் தாண்டி வர
அதற்கு வழியில்லை.

தெருவிளக்கு பற்றி நகரமன்றம் ஆறு மணி நேர விவாதம்:
இருட்டிவிட்டதால் ஒத்திவைப்பு.

நேற்றைய வானிலைக் கணிப்பு சரியே;
வானம்தான் ஒத்துழைக்கவில்லை.

திருத்தம்: நேற்று நாம் காலமானதாக அறிவித்த
தோல் வியாபாரி வில்ஹோ கெட்டுனென் காலமாகவில்லை.
நேரில் வந்து தெரிவித்தார்.
வந்த கையோடு சந்தாவையும் நிறுத்தினார்.
உண்மையில் இறந்தவர் யாரென்பது வியாழன் இதழில்.

இங்கே தைஸ்தோ சிரித்த சிரிப்பில்
பசை வாளி கவிழ்ந்தது.
துடைக்க ஒரு மணி நேரம். (அதற்கும் கூலி உண்டு.)

விளம்பரப் பத்தியின் கோடியில்
விற்பனைக்கு: இரட்டைக் கட்டில்.
ஒரு பக்கம் மட்டுமே பயன்படுத்தியது.

இதை மட்டும் தைஸ்தோ இரண்டு தடவை வாசித்தான்.
நான் ஸ்பாஞ்சை நனைக்க
அடுப்படிக்குப் போய்
கொஞ்சம் மெதுவாகவே திரும்பி வந்தேன்.

அப்புறம்தான் அது அகப்பட்டது, கதவுச் சட்டத்தை ஒட்டி:

பதினோரு ஆண்டு பேசாதிருந்த
புட்கோனென் சகோதரர்கள் நேற்றுப் பேசினர்.
மூத்தவர் முதலில் சொன்ன சொல்

அவ்வளவுதான். அதோடு சுவர் முடிந்தது.
பிற்பாடு எவனோ இங்கே கதவு வைக்க
பலகையை அறுத்திருக்கிறான்.
அந்தச் சொல் அடுப்பில் எரிந்து
யாருடைய சூப்பையோ சூடாக்கியிருக்கும்.

"மன்னிச்சுக்கோ" என்றிருப்பார் என்றான் தைஸ்தோ.
உனக்குச் சகோதரர்களைத் தெரியாது என்றேன்.
"நகரு" என்றிருப்பார்.

அப்போது காப்பித் தட்டோடு வாசலில்
வீட்டுக்காரம்மா மிர்யாமி.
காலையிலிருந்து என்னதான் செய்தீர்கள் என்றாள்.
இரண்டு பேரும் ஏணியில் தொங்கியபடி
சுவரைக் காட்டினோம்.

தட்டை வைத்தாள். கழுத்தைச் சாய்த்தாள்.
குதிரையில் ஆரம்பித்தாள்.
காப்பி ஆறி, ஏடு கட்டியது.
கதவருகே வந்ததும் எங்களைப் பார்த்தாள்:
"என்ன சொன்னாராம்?"

விறகுக் கொட்டகையில் தேடினோம், மூவரும்,
இருட்டும் வரை, கைவிளக்கோடு.
ஒரு பலகை அகப்பட்டது. அதில் சோப்பு விளம்பரம்.

மறுநாள் புதுத்தாள் ஒட்டுமுன்
சம்பிரதாயத்துக்காக அன்றைய நாளிதழை அடியில் ஒட்டினேன்.
நூலக வாசலில் எல்க் மான் நின்றது.
நான்கு பத்தி, வண்ணப் படம்.
அதற்குக் கீழே ஏதோ பொடி எழுத்து.
வாசிக்கவில்லை.
பசை காய்ந்துகொண்டிருந்தது.