சோதனை

ஹலசூரு மெட்ரோவில் பெண்கள் வரிசைக்கு
ஒரு மறைப்பு உண்டு. பச்சைத் திரை,
ஏறி நிற்க ஒரு மரப்பலகை,
கையில் கருப்புக் கோலோடு நீலச் சட்டைப் பெண்.

முதல் நாள் அவள் கோலை உயர்த்தினாள்.
என் மகன், மூன்று வயது முடிய ஒரு மாதம்,
இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு
பலகையோடு உட்கார்ந்துவிட்டான்.
அழவில்லை. பழகினவன் மாதிரி உட்கார்ந்தான்.

நல்லவேளை, அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்,
எங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டிக்குக்
காம்பு நீளம் என்று.
முந்தின ராத்திரி கொட்டின பால்.
அதற்கு முந்தின வாரம் எதற்கென்று
எனக்கு ஞாபகமில்லை. அவனுக்கு இருக்கும்.

"பா கந்தா" என்றாள்.
கல்யாணமாகி வந்த புதிதில்
தெருவெல்லாம் முருகனைக் கூப்பிடுகிறார்கள் என்று
நான் நினைத்த சொல்.
அவர்கள் பாஷையில் குழந்தை.

முட்டி சொடுக்கக் குந்தி
கோலை அவன் கையில் கொடுத்தாள்.
தன் இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.
பேட்ஜில் பீப்.
தாலியில் பீப்.
சட்டைக்குள் எங்கோ ஓர் ஊக்கில் பீப்,
ஐயோ மாட்டிக்கொண்டேனே என்று அவள் நெளிய
பவித்ரன் சிரித்தான்.
வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
"ஒந்து நிமிஷா" என்றாள், திரும்பாமலே.
நாற்பது நொடிகூட ஆகியிருக்காது.

நிங்கம்மா. பேட்ஜிலிருந்து அந்தப் பெயரை
எழுத்துக் கூட்டிப் படிக்க
எனக்கு நாலு நாள் பிடித்தது.

அதன்பின் காலையில் செருப்பை அவனே தேடினான்.
பலகையில் ஏறிக் கைகளை நீட்டுவான்.
அவனுக்கு ஒரு தடவை, முயல் பொம்மைக்கு ஒரு தடவை.
"ஆய்த்து, ஹோகி" என்பாள்,
பெரிய மனிதரை அனுப்பிவைப்பது போல.
விஜயநகரில் அக்கா வீட்டில் அவனை விட்டுவிட்டு
மெஷினில் உட்கார்ந்தால்
காலர் காலராகத் தைக்கும்போதும்
அந்த விரித்த கைகள்.

பிள்ளை ஏன் இன்னும் பேசவில்லை,
வீட்டில் அவனோடு பேசுவீர்களா என்று
கிளினிக்கில் ஒரு முறை கேட்டார்கள்.
பேசாமல் என்ன, என்றேன்.
பஸ்ஸில் வரும்போது எண்ணிப் பார்த்தேன்:
வா. முழுங்கு. தொடாதே.
சனியனே. வாயை மூடு.

கரண்டி ஆணியில் தொங்கியது.
அதற்கப்புறம் எடுக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன்.
இரண்டு தரம் எடுத்தேன்.
இரண்டாம் தரம் பாதி வழியில்
கை தானாக நின்றது. அவன் அதற்குள்
தலையை மூடியிருந்தான்.

தீபாவளி முடிந்த மாசம் கம்பெனியில்
எங்கள் லைனை மூடினார்கள்.
அன்று சாயங்காலம் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு
சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.
முக்காலியை இழுக்கும் சத்தம்.
ஆணியிலிருந்து கரண்டியை எடுத்துக்கொண்டு
பவித்ரன் என் முன்னால் வந்து நின்றான்.

நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன் குந்தினான்.
காற்றில் ஒரு விரற்கடை தள்ளி, மெதுவாக,
தோள், முழங்கை, இடுப்பு.
சாவிக்கொத்தில் "பீப்".
கம்மலில் "பீப்".
அப்புறம் வலது மணிக்கட்டுக்கு வந்து
அங்கேயே நின்றான்.
அங்கே வளையல்கூட இல்லை, கழற்றிவைத்திருந்தேன்.
ரொம்ப நேரம் பார்த்தான்.

"ஆய்த்து" என்றான். "ஹோகி."

அடுப்பில் அடிப்பிடிக்கும் வாசனை.
எழுந்து அணைக்க வேண்டும்.
கைகளை விரித்தபடியே
உட்கார்ந்திருந்தேன்.