முப்பது நாள் கெடு

அந்தக் கடிதங்களை அனுப்பியவள் நான்தான்.
நாற்பத்தொரு உறைகள். இயந்திரமே ஒட்டியது,
ஆனாலும் அன்று மாலைவரை
என் நாக்கில் பசையின் கசப்பு.

'தாங்கள் இந்நாட்டுக் குடிமகர் அல்லர் எனத் தெரியவருகிறது.
முப்பது நாளுக்குள் நிரூபிக்காவிடில்
வாக்காளர் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படும்.'
யாருக்குத் தெரியவருகிறது என்று
கடிதத்தில் இல்லை.
கணினிக்கு.

நெப்ராஸ்காவில் மார்ச். பனி உருகி
கவுன்டி அலுவலக வாசலெல்லாம் சேறு.
பன்னிரண்டாம் நாள் வந்தாள் ஒஃபீலியா பாரியெந்தோஸ்,
இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட் முடிந்த கையோடு,
ரப்பர் பூட்ஸும் கழற்ற மறந்த தலைவலையுமாக.
ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் உறைக்குள்
குடியுரிமைச் சான்றிதழ்.
கழுகுச் சின்னத்தின் இறக்கையில் ஒரு ரொட்டித் துகள்.
விரல்நுனியால் எடுத்தாள்,
எங்கே போடுவதென்று தெரியாமல்
வாயில் போட்டுக்கொண்டாள்.

ஒன்பது வருஷம் முன்பு ஓட்டுநர் உரிமத்துக்கு எழுதியபோது
'குடிமகள் அல்ல' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறாள்.
அன்று அது உண்மை.
உண்மைக்கும் காலாவதித் தேதி உண்டென்று
கணினிக்கு யாரும் சொல்லவில்லை.

என் தம்பி டுவெய்ன் அதே ஆலையில்
எலும்பு நீக்கும் மேசையில் பதினாறு வருஷம் நின்றவன்.
ஒரே கோடையில் மணிக்குப் பதினெட்டு டாலர்
பன்னிரண்டாகக் குறுகியது.
சங்கத்தின் பலகையைக் கழற்றியவர்கள்
எந்த வேலியையும் தாண்டி வரவில்லை, டுவெய்ன்,
ஒமாஹாவிலிருந்து காரில் வந்தார்கள் என்றேன்.
'காரில் வந்தவனை நான் பார்க்கவில்லை, மார்லிஸ்.
என் கத்தியை வாங்கிக்கொண்டவனைப் பார்த்தேன்.'
பதில் இல்லை என்னிடம்.
இன்னும் இல்லை.

காபிக்கடையில் எல்லோருக்கும் கணக்குத் தெரியும்:
எத்தனை பேர் மானியம் தின்கிறார்கள்,
எத்தனை பேர் கள்ள ஓட்டுப் போடுகிறார்கள்.
என் கணக்கு சின்னது.
நாற்பத்தொன்றில் முப்பத்தாறு பேர் சான்றிதழோடு வந்தார்கள்.
நான்கு முகவரிகளில் ஆளில்லை.
மிச்சம் ஒன்று நிஜம்:
வான்கூவரில் பிறந்த பல் டாக்டரின் மனைவி,
பள்ளி வாரியத்துக்கு இருமுறை ஓட்டுப் போட்டவள்,
போடலாம் என்றே நினைத்தேன் என்று அழுதாள்.
அவளைப் பற்றிக் காபிக்கடையில்
ஒரு பேச்சும் எழவில்லை.

ஜன்னலுக்கு வெளியே ஒரு டிரக்,
எஞ்சின் அணைக்காமல்.
ஓட்டுகிறவன் இறங்கவில்லை.
பின்சீட்டில் ஒரு சிறுமி, கையில் ஆஸ்துமா பம்பு;
அரசு அட்டையில் வாங்கியது,
அட்டை அவள் பெயரில், அவள் பிறந்தது இங்கே.
அவன் யார் என்று நான் கேட்கவில்லை.
அந்தக் கேள்விக்கு என் படிவத்தில் கட்டமில்லை.
சின்ன ஊர், கேட்காமலே தெரியும்:
வாராவாரம் சம்பளத்தில் ஓய்வூதியப் பிடித்தம்,
ஒருநாளும் அவன் வாங்கப்போகாத ஓய்வூதியம்.
வரி உண்டு அவனுக்கு,
வரிசைதான் இல்லை.
அவன் காட்டும் எண் வேறு யாருடையதோ.
அது பொய். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

'சட்டம் இருக்கணும்,' என்றாள் ஒஃபீலியா,
நான் எதுவும் கேளாதபோதே.
'பதினோரு வருஷம் வரிசையில் நின்றேன்.
குறுக்கே புகுந்தவனை எனக்கும் பிடிக்காது.'
சொல்லும்போது கண் ஜன்னலில் இருந்தது.
டிரக்கின் புகை வெள்ளையாய் எழுந்து
எங்கள் கண்ணாடிமேல் படிந்தது.

முத்திரை குத்தினேன்.
பெயர் பட்டியலில் ஏறியது,
இறங்கவே இல்லை என்பதுபோல.
வருத்தம் தெரிவிக்க ஒரு வாக்கியம் தேடினேன்.
அலுவலக வாக்கியம் ஒன்றும் அதற்கில்லை.
'நகலுக்கு இருபத்தைந்து சென்ட்,' என்றேன். விதி.
ஐந்து காசுகளாய் எண்ணி வைத்தாள்.
ரசீது வேண்டுமா?
வேண்டும் என்றாள்.
அதையும் மடித்து
ரொட்டி உறைக்குள் வைத்துக்கொண்டாள்.