துணைக்கு வருபவர்

சட்டம் இவ்வளவுதான் சொல்கிறது:
துணைக்கு வருபவர் கதைக்கலாம்,
குறிப்பெடுக்கலாம்,
இடைவேளை கேட்கலாம்.
தொழிலாளியிடம் கேட்கப்படும் கேள்விக்கு
அவருக்காகப் பதில் சொல்லக்கூடாது.

இதை இரண்டுநாள் பயிற்சியில் படித்தேன்,
பார்ன்ஸ்லி வீதியில், ஹீட்டர் பழுதான ஓர் அறையில்.
பிஸ்கட் மட்டும் கனக்க இருந்தது.

இன்று செவ்வாய். ஷெஃபீல்டில் மழை இல்லை,
அதன் வாசனை மட்டும்.
கழுவிய குடுவைகளைக் காயவைக்கும் அடுப்பில் அடுக்கிவிட்டு
(நூற்றிருபது பாகை, ஒரு மணித்தியாலம்)
நிர்வாகக் கட்டடத்தின் நாலாம் மாடிக்கு ஏறினேன்.
லிஃப்டுக்குப் பக்கத்தில் செலமாவித்.
வேலைக்குப் போடும் சட்டை இல்லை;
தேவாலயத்துக்கு உடுத்தும் வெள்ளைத் துணி தோளில்.
இரவு வேலை முடிந்து படுக்காமல் வந்திருக்கிறாள்.
"இந்த மாடியை நான்தான் துடைக்கிறேன்," என்றாள்.
"பகலில் இப்படி இருக்குமென்று தெரியாது."

குற்றச்சாட்டு இரண்டு பக்கம்.
பதினான்காம் தேதி, இரவு பதினொன்று நாற்பது,
பனியாறுகள் பற்றிய மாநாடு முடிந்த மண்டபத்தில்
எறிவதற்கென ஒதுக்கிய தட்டிலிருந்து
நாலு முட்டை சான்ட்விச்சுகளை
தன் பையில் வைத்தார்.
கமரா பார்த்தது.

ஒப்பந்த நிறுவனத்து ஹாலம் நல்ல மனிதர்.
எங்களுக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தார்.
பிறகு கேட்டார்:
"எடுத்தீர்களா?"

அவள் என்னைப் பார்த்தாள்.
நான் பேனாவைப் பார்த்தேன்.
இருபது வருடமாக வாய்காட்டியே பெயர் வாங்கியவள் நான்;
பல்லுக்குப் பின்னால்
நாக்கைக் கட்டிப்போட்டு இருந்தேன்.

"மூன்று," என்றாள் செலமாவித்.
"நாலாவது ஈரம். குப்பையில் போட்டேன்.
அந்தக் குப்பையையும் நான்தான் கட்டி இறக்கினேன்."

ஹாலம் நாலை வெட்டி
மூன்று என்று எழுதினார்.

பிறகு என் முறை. கதைக்கலாம்.
ஆறாம் பிரிவு, முன்னெச்சரிக்கை தரப்படவில்லை,
பதினொரு வருடம், ஒருநாள் பிந்தியதில்லை.
எல்லாம் சொன்னேன்.
தாளில் எழுதிவராத ஒன்றையும் சொன்னேன்:
ஒரே கட்டடம், ஒரே தூசி.
என் அட்டை நீலம், அவளுடையது மண்ணிறம்.
நான் காய்ச்சலில் கிடந்தால் முழுச் சம்பளம் வரும்.
அவள் காய்ச்சலோடு வாளி தூக்குகிறாள்.

"அது இந்தக் கூட்டத்து விடயமல்ல,
பதியவேண்டாம்."
பதியுங்கள் என்றேன்.
தட்டச்சுப் பெண்ணுக்கு மெதுவாக,
சொல் சொல்லாக, இரண்டு தரம் சொன்னேன்.

முடிவு கடிதத்தில் வரும். ஐந்து வேலைநாள்.

கீழே ட்ராம் நிறுத்தம்.
யாரும் படுக்கமுடியாதபடி
சரித்துக் கட்டிய இருக்கை.
இரவு வேலைக்காரர் நாலு பேர் வீட்டுக்குப் போகாமல்
அதில் வழுக்கி வழுக்கி இருந்தார்கள்.
எங்களைக் கண்டதும் நெருங்கினார்கள்,
இடம் வந்தது.

என் மொழியில் சங்கத்துக்கு ஒரு பலகை உண்டு.
மதுரைக் குளத்தில் மிதந்ததாம்;
தகுந்த புலவர் வந்தால் ஓர் ஆள் அளவு நீளுமாம்,
தகாதவரைத் தண்ணீரில் தள்ளுமாம்.
அந்தப் படியில் பாசி வழித்தது யார் என்று
கதையில் இல்லை.
இதை அவர்களுக்குச் சொல்லத் தொடங்கி
"பலகை" வரை வந்து விட்டுவிட்டேன்.
வொய்சியெக் சந்தா எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தான்.
படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினான்,
பேனா துணியில் இறங்கியது.

செலமாவித் என் தோளில் சாய்ந்து
தூங்கிப்போனாள், அந்தச் சரிவிலேயே.
அவளுடைய ட்ராம் வந்தது. போனது.
அடுத்ததும் போனது.

அடுப்பில் என் குடுவைகள்
எப்போதோ காய்ந்திருக்கும்.
எங்கே போனாய் என்று மேலாளர் கேட்பார்.
கேட்கட்டும்.
அந்தக் கேள்விக்கு
நானே பதில் சொல்லலாம்.